காந்தத்துக்கு ஒரு பை

தாராவி,
12 ஜனவரி 2025

அன்புள்ள ரீனா,

இல்லை, வலியில்லை. ஒரு பிடி, அவ்வளவுதான். யாரோ உள்ளேயிருந்து தொண்டையை மெல்லப் பற்றி, முப்பது விநாடி வைத்திருந்து, விட்டுவிடுகிறார்கள். பிறகு ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும். காலையிலிருந்து மாலைவரை. தூக்கத்திலும் உண்டு என்கிறார்கள். அது எனக்குத் தெரிவதில்லை.

கிறிஸ்துமஸ் கடிதத்தில் நீ கேட்டிருந்த மற்றவற்றுக்கும் பதில். கருவி இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் இருக்கிறது. தொட்டால் பெரிய கோட்டுப் பொத்தான்போல் தட்டுப்படும். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி கழுத்துக்கு ஏறி, அங்கே மூளைக்குப் போகும் நரம்பு ஒன்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேகஸ் நரம்பு. மண்டையைத் திறக்கவேயில்லை. ஆனால் அம்மா எல்லாரிடமும் "மூளை ஆபரேஷன்" என்றே சொல்கிறாள். கழுத்து என்றால் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லையாம்.

இது வலிப்பை நிறுத்திவிடும் என்று டாக்டர் சொல்லவில்லை. குறையலாம். சிலருக்குப் பாதியாகிறது. சிலருக்கு ஒன்றுமே மாறுவதில்லை. தெரிவதற்கு மாதங்கள் ஆகும். மாத்திரையும் நிற்காது. பதின்மூன்று வயதிலிருந்து ஏழு வகை மாத்திரை பார்த்தாகிவிட்டது; மருந்துக்கு அடங்காதவர்களுக்குத்தான் இது. அடங்காதவள். உனக்குச் சிரிப்பு வரும்.

கூடவே ஒரு காந்தம் தந்திருக்கிறார்கள். வலிப்பு வரப்போகிறது என்று எனக்குத் தோன்றினாலோ, வந்துவிட்டதைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்தாலோ, அதைக் கருவியின்மேல் ஒருமுறை தடவி எடுத்துவிட வேண்டும். அப்போது கருவி வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு தூண்டல் கொடுக்கும். சில சமயம் பாதியிலேயே அடங்கிவிடும். கடிகாரம்போல் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனால் இரும்பு ரேக்கில் கை ஒட்டிக்கொள்கிறது. வங்கி அட்டை ஒன்று செத்துப்போயிற்று. ஆபீஸில் தினம் ஒருவராவது "என்ன வாட்ச் இது, முள்ளே இல்லை" என்கிறார்கள்.

ஆம், வேலைக்குத் திரும்பிவிட்டேன். அதே செம்பூர் ஆபீஸ், அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தமிழ் லைன். பிடி வரும்போது குரல் கரகரத்து அடங்கிவிடும். போன வாரம் தென்காசியிலிருந்து ஒரு பெரியவர். பாலிசி எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது.

"என்ன தாயி, தொண்ட கட்டிட்டா?"

"கொஞ்சம், சார்."

"நல்லமொளகும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கவச்சுக் குடி. ஏசிக்கு நேரா உக்காராத. ஒங்க மேனேசர்ட்ட நான் பேசட்டா?"

வேண்டாம் சார் என்று சொல்ல வாயெடுத்தபோது குரல் திரும்பியிருந்தது.

கோயில் பாடற்குழுவுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். அங்கே யாரையும் காத்திருக்கச் சொல்ல முடியாது.

அம்மா தினமும் என்னோடு சயானில் பஸ் ஏறி, செம்பூர் வந்து, கீழே வாட்ச்மேன் ராஜபாண்டி அண்ணனின் அறையில் மாலை ஆறுவரை உட்கார்ந்திருக்கிறாள். நான் மேலே விழுந்தால் கூப்பிட ஆள் வேண்டுமே. அறுபத்திரண்டு வயதில் அவளுக்கும் ஒரு ஆபீஸ். ஒரு நாள் தனியாகப் போய்த் தனியாக வர வேண்டும், ரீனா. இதற்கு மேல் எனக்குப் பெரிய ஆசை எதுவுமில்லை.

நீ கேட்ட வலிப்பு எண்: ஆபரேஷனுக்கு முன், அக்டோபரில் பதினொன்று. டிசம்பரில் ஏழு.

உன் அக்கா
சுனிதா


மடம்,
9 பிப்ரவரி 2025

இயேசுவுக்கே புகழ்.

என் அன்பு அக்காவுக்கு,

ஏழு என்று படித்ததும் சிற்றாலயத்துக்குப் போய் முழந்தாளிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சாப்பாட்டு மணிக்குப் பிந்தி வந்ததற்குப் பிராயச்சித்தமாகப் பாத்திரம் கழுவினேன். சந்தோஷமாகக் கழுவினேன்.

இங்கே எல்லாரும் நலம். பூசை அப்பமான ஓஸ்தி வெட்டும் வேலையிலிருந்து என்னைத் தையலுக்கு மாற்றியிருக்கிறார்கள். பீட விரிப்புகள், குருக்களின் உடுப்புகள். தோட்டத்தில் இந்த வருடம் வெண்டை நன்றாக வந்திருக்கிறது. கம்பித்தடுப்புக்கு அந்தப்பக்கம் அம்மாவைப் பார்த்து ஒரு வருடம் ஆகிறது. ஆகஸ்ட்டில் வரச் சொல். நீயும் வா. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு சிறு பை வைத்திருக்கிறேன். காந்தத்துக்கு. நீ மணிக்கட்டுக் கதையை எழுதியதும் எனக்குத் தோன்றியது. என் பழைய உடுப்பின் மடிப்பிலிருந்து வெட்டிய துணி. உள்ளே இரட்டை மடிப்பு, பின்னால் ஒரு சேஃப்டி பின். இதை ரவிக்கைக்கு உள்பக்கமாக, இடது பக்கம், இருதயத்தின்மேல் குத்திக்கொள். அதுதானே கருவி இருக்கும் இடமும்? அவசரத்தில் யாரும் தேட வேண்டியதில்லை. எடுத்தால் கைக்கருகிலேயே கருவி. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு அருள்நிறை மரியே சொன்னேன். நீ இதையெல்லாம் நம்புவதில்லை என்று தெரியும். குத்திக்கொள், போதும்.

மார்ச் ஐந்து சாம்பல் புதன். இங்குள்ள வழக்கம் உனக்குத் தெரியும். தவக்காலத்தில் கடிதம் எழுதுவதுமில்லை, வாங்குவதுமில்லை. வருகிறவை மதரின் மேசை இழுப்பறையில் இருக்கும். உயிர்ப்பு ஞாயிறன்று கைக்கு வரும். ஆகையால் அதற்குமுன் ஒரு கடிதம் எனக்குக் கட்டாயம் எழுது.

ஏன் என்றால், வரும் ஆகஸ்ட்டில் என் நித்திய வார்த்தைப்பாடு, ஆயுளுக்கும் இங்கேயே என்று கொடுக்கும் வாக்கு. ஒன்பது வருடம் முடிகிறது. உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு என் கைப்பட விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். மதர், "அவசரமில்லை, இன்னொரு வருடம் வேண்டுமென்றாலும் கேள்" என்கிறார். இதுவரை நான் எதுவும் சொல்லவில்லை.

ஜனவரி எண்ணைத் தெளிவாக எழுது, அக்கா. சுற்றி எழுதாதே.

செபத்தில் உன்னோடு,
சகோ. அமலோற்பவம்
(உன் ரீனா)


தாராவி,
22 பிப்ரவரி 2025

அன்புள்ள ரீனா,

நான்கு.

சுற்றாமல் எழுதிவிட்டேன். பிப்ரவரியில் இன்றுவரை இரண்டு. இரண்டும் சிறியவை. பஸ்ஸில் ஒன்று, அம்மாவுக்கு முன் சீட்டில்தான் இடம் கிடைத்தது, என் பக்கத்தில் இருந்த பெண் நான் தூங்கி விழுந்தேன் என்று நினைத்துத் தன் தோளை எனக்குக் கொடுத்திருக்கிறாள்.

பை வந்தது. தபால்காரர் கொடுத்த உறையை அம்மா பிரிக்கவிடவில்லை. முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பிறகு முத்தம், பிறகு சிலுவை அடையாளம், பிறகு எனக்கு. அடுத்த வீட்டுக் கோமதியம்மாளிடம் காட்டியிருக்கிறாள். கோமதியம்மாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்க சின்னவகிட்ட சொல்லி எனக்கும் ஒண்ணு தச்சு அனுப்பச் சொல்லுங்க அக்கா. மூட்டு வலிக்குக் கட்டிக்கிடுதேன்" என்றாளாம். அதற்குள் காந்தம்தான் வைக்க வேண்டும் என்று அம்மா சொன்னதற்கு, "பரவால்ல, எங்கிட்ட ஃப்ரிட்ஜில ஒட்டுத பிள்ளையார் காந்தம் இருக்கு" என்று பதில்.

நீ சொன்ன இடத்தில் குத்திக்கொண்டிருக்கிறேன். ஒன்பது வருடத்தில் உன் கை பட்ட பொருள் எதுவும் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. கடிதம் வேறு. இது துணி. உன் தையல் இன்னும் கோணல்தான். குருக்களிடம் யாரும் சொல்லவில்லையா?

ஒரு சின்னக் குறை. நீ என்னைவிட என் எண்ணை அதிகம் விசாரிக்கிறாய். நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டு எத்தனை நாள் ஆயிற்று? நீ போவதற்கு முன்பு நாம் வலிப்பைத் தவிர வேறு எதையாவது பேசியிருக்கிறோமா? நினைத்துப் பார்த்தேன். பேசியிருப்போம். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ஆகஸ்ட்டில் வருவோம். நீ எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் சொல்லவில்லை.

தவக்காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள். கூடுதலாக ஒரு வேளைச் சாப்பாட்டை நீயாகக் குறைக்காதே.

சுனிதா


தாராவி,
23 மார்ச் 2025

ரீனா,

இதை நீ ஒரு மாதம் கழித்துத்தான் படிப்பாய். மேசை இழுப்பறைக்கு எழுதுவதுபோல் இருக்கிறது. அதனால் எழுதுவது எளிதாகவும் இருக்கிறது.

போன சனிக்கிழமை கிங்ஸ் சர்க்கிளில் விழுந்தேன். பெரியது. எனக்கு எதுவும் நினைவில்லை. அம்மா சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவள் காப்பித்தூள் அரைக்கும் கடைக்குள் நின்றிருக்கிறாள். நான் வெளியே. திரும்பிப் பார்த்தால் கூட்டம். உள்ளே நுழைவதற்கு அவளே தள்ள வேண்டியிருந்தது.

பேன்ட் போட்ட ஒருவர், "சாபி தோ, சாபி!" என்று கத்தியிருக்கிறார். தமிழ்க்காரர் ஒருவர் ஸ்கூட்டர் சாவியை என் கையில் திணித்திருக்கிறார். பூ விற்கும் அம்மாள் ஒருத்தி, நம்ம ஊர்ப் பக்கம்தான், அதைப் பிடுங்கி எறிந்திருக்கிறாள்.

"சாவி எதுக்குவே? அவ என்ன பூட்டா?"

"அம்மா, இரும்பு குடுத்தா நிக்கும். எங்க வீட்டுல பாத்திருக்கேன்."

"நின்னா தானா நிக்கும். நீரு மொதல்ல தள்ளி நில்லும். பிள்ளைக்குக் காத்து வரட்டும். பொம்பளப் பிள்ள துணி வெலகிக் கெடக்கு, எல்லாவனும் ஃபோனத் தூக்கிக்கிட்டு!"

அவள்தான் பூக்கூடை மூடும் துணியை என்மேல் போட்டாளாம். அம்மா சரியாகத்தான் செய்தாள். பையைத் திறந்து, காந்தத்தை எடுத்து, கருவியின்மேல் தடவினாள். இரண்டாம் முறையும். பிறகு பத்திரமாகப் பைக்குள் போட்டு, பையை அதே இடத்தில் குத்திவிட்டாள். விழித்தபோது வாயில் ரத்தம், முன்பல் ஒன்று பாதி. அம்மாவின் கையில் நசுங்கிய காப்பித்தூள் பொட்டலம். வீடுவரை அந்த வாசனை.

மார்ச்சில் இதுவரை எட்டு.

இன்னொன்று. குரல் திரும்பிவிட்டது. தொண்டைப் பிடி இல்லை. நாள் போகப்போகப் பழகிவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் மறுபடி பாடுகிறேன். பாடற்குழுவின் ஆன்றோ மாஸ்டர், "எங்கம்மா போயிருந்தே இத்தன நாள்?" என்றார், ஏதோ ஊருக்குப் போய்வந்ததுபோல. பாடும்போது ஐந்து நிமிடம் ஆறு நிமிடமாகிறது, பத்து நிமிடமாகிறது, யாரும் என்னைப் பிடிப்பதில்லை.

குரல் வந்தது, வலிப்பும் வந்தது. டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியும். கருவியைக் கூட்டலாம் என்பார். கூட்டுவதற்கு ஏப்ரல் எட்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு ஒன்றுமே மாறுவதில்லை. அந்தச் சிலரில் நான் இருக்கலாம்.

களைப்பாக இருக்கிறது. வலிப்பினால் அல்ல. குணமாகிக்கொண்டே இருப்பதும் ஒரு வேலை. விடுமுறை இல்லாத வேலை.

அம்மா இப்போது மாடிக்கே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் உட்கார அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சுனிதா


மடம்,
21 ஏப்ரல் 2025
உயிர்ப்புத் திங்கள்

இயேசு உயிர்த்தார், அல்லேலூயா.

என் அன்பு அக்கா,

நேற்றுக் காலை உன் மார்ச் கடிதம் கைக்கு வந்தது. பூசை முடிந்து எல்லாரும் ஒருவரையொருவர் தழுவி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எட்டு என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்று ஒன்பது வருடம் வைத்திருந்தேன்.

நான் இங்கே வந்தது ஒரு நேர்ச்சையால். நீ எம்.ஏ. பரீட்சை எழுதப்போய் கல்லூரி மாடிப்படியில் விழுந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, என் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு அவளுக்குச் சுகம் கொடும் என்று கேட்டேன். அதனால்தான் எண்ணைக் கேட்டுக்கொண்டேயிருந்தேன். பதினொன்று ஏழாகி, ஏழு நான்கானபோது, ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் தவக்காலத்தின் இரண்டாவது வாரம் எனக்குள் ஏதோ நின்றுபோயிற்று. செபம் வரவில்லை. நான் இங்கே இருக்க வேண்டியவள்தானா என்று நினைப்பு. மதரிடம் போய், "இன்னொரு வருடம் தாருங்கள்" என்று கேட்டேன். அவர் சரி என்றார். மறுநாள் சனிக்கிழமை. நீ கிங்ஸ் சர்க்கிளில் விழுந்தாய்.

அக்கா, நான் தயங்கினேன், நீ விழுந்தாய். தேதியைக்கூட நான் கணக்கிட்டுப் பார்த்துவிட்டேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்டேன். கடவுளும் தாம் கொடுத்ததைத் திரும்பக் கேட்டுவிட்டார்.

நேற்று மாலையே விண்ணப்பத்தை எழுதி மதரிடம் கொடுத்துவிட்டேன். "முன்பு கேட்ட வருடம்?" என்றார். வேண்டாம் என்றேன். என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். மே மாதக் கடைசியில் சபை கூடி முடிவு சொல்லும்.

இனிமேல் குறையும். நீ நம்பாவிட்டாலும் குறையும். பையை மட்டும் கழற்றாதே.

ஏப்ரல் எண்ணை உடனே எழுது.

சகோ. அமலோற்பவம்


தாராவி,
4 மே 2025

ரீனா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, எழுத ஆரம்பித்த தாள்களைக் கிழித்துப் போட்டேன். பொய்யாக ஒன்று எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அனுப்ப முடியவில்லை.

ஏப்ரல் எட்டாம் தேதி கருவியைப் பார்க்கப் போனோம். அங்கே வந்தனா என்று ஒரு டெக்னீஷியன். மராத்திக்காரி, என் வயது இருக்கும். பரிசோதனைக்காக ரவிக்கையைத் தளர்த்தியபோது பையைக் கழற்றி மேசையில் வைத்தேன். வெளியிலிருந்தே கருவியைப் படிக்கும் ஒரு சிறு வட்டக்கோலை அதன்மேல் வைத்து, கணினியில் பார்த்தாள். எல்லாம் சரி, கம்பி சரி, பேட்டரி சரி. பிறகு வலிப்பு ஏன் கூடியது என்று அவளுக்கும் தெரியவில்லை. நான் ரவிக்கையைச் சரிசெய்து, பையை எடுத்து, இடது பக்கம் குத்தினேன்.

"ஏக் மினிட். யே க்யா ஹை?"

காந்தம் என்றேன். என் தங்கை தைத்தது என்றேன்.

"எப்போதும் இங்கேயேவா?" என்று இந்தியில் கேட்டாள். "குளிக்கும்போது மட்டும் இல்லை" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள்.

வந்தனா நாற்காலியில் சாய்ந்து முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டாள். "அரே மாஜி," என்றாள் அம்மாவைப் பார்த்து. பிறகு மெதுவாகச் சொன்னாள். காந்தத்தைத் தடவி எடுத்தால் கருவி கூடுதலாக வேலை செய்யும். எடுக்காமல் கருவியின்மேலேயே வைத்திருந்தால் அது நின்றுவிடும். வைத்திருக்கும்வரை நின்றே இருக்கும். பிப்ரவரி இருபதிலிருந்து ஏப்ரல் எட்டுவரை, குளித்த நேரம் தவிர, எனக்குள் எதுவும் நடக்கவில்லை.

அம்மாவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும், "சின்னவகிட்ட சொல்லிறாத" என்றாள். "செத்துருவா." வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். நானும் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். உன் கடிதம் வரும்வரை.

நீ மதரிடம் வருடம் கேட்டதற்கு மூன்று வாரம் முன்பே கருவி நின்றுவிட்டது, ரீனா. தேதியைக் கணக்கிட்டாய் அல்லவா, இதையும் சேர்த்துக் கணக்கிடு. யாரும் உன்னிடம் எதையும் திரும்பக் கேட்கவில்லை. ஒரு காந்தம் தவறான இடத்தில் இருந்தது.

இதோடு நிறுத்தினால் பழி உன் தையலோடு போய்விடும். நிறுத்த முடியாது. கருவியோடு ஒரு சிறு புத்தகம் தந்தார்கள். பை வந்த அன்று மாலை அதை எடுத்துப் பார்த்தேன். காந்தத்தைக் கருவியின்மேல் தொடர்ந்து வைக்க வேண்டாம், தூண்டல் நின்றுவிடும் என்று அதில் எழுதியிருக்கிறது. படித்தேன். புரிந்தது. பை கொஞ்சம் கீழே தொங்குகிறது, நேராக மேலே படாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறுநாள் ஆபீஸில் மதியம்வரை பேசினேன், ஒரு தடவைகூடக் குரல் உடையவில்லை. அப்போது தெரிந்துவிட்டது.

கழற்றவில்லை. இரண்டு நாள் ஓய்வு என்று நினைத்தேன். பிறகு ஒரு வாரம். பிறகு சிலுவைப்பாதை, பிறகு குருத்து ஞாயிறுவரை பாடிவிடலாம் என்று. கிங்ஸ் சர்க்கிளுக்குப் பிறகும் கழற்றவில்லை. உன்னிடமிருந்து வந்த துணி என்பதும் ஒரு காரணம். பெரிய காரணம் அதுவல்ல. என் உடம்பு என்னிடம் திரும்பிவந்ததுபோல் இருந்தது, வலிப்போடு சேர்த்து. "பழகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்" என்று உனக்கு எழுதினேனே, எழுதும்போதே அது பொய் என்று தெரியும்.

நான் செய்தது அது. என் பல்லோடு போயிற்று. ஆனால் நீ அதை வைத்துக்கொண்டு உன் வாழ்நாளை எழுதிக் கொடுத்துவிட்டாய்.

காந்தம் இப்போது இடுப்பில், கைப்பையின் வாரில் இருக்கிறது. கருவி ஓடுகிறது. தொண்டையில் பிடி வந்துவிட்டது, இதை எழுதும்போதும் ஒன்று வந்துபோயிற்று. பாடற்குழுவிலிருந்து மறுபடி நின்றுவிட்டேன். அம்மா இன்னும் செம்பூருக்கு வருகிறாள், ஆனால் ராஜபாண்டி அண்ணன் அறையோடு சரி.

ஏப்ரல் எண்ணை நான் எழுதப்போவதில்லை. மே எண்ணையும். கோபத்தினால் அல்ல. அது குறைந்தால் நீ இருப்பாய், கூடினால் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருப்பாய். இரண்டிலும் நான்தான் இருக்கிறேன், நீ இல்லை. என் வலிப்பின்மேல் நீ நிற்காதே. அது நிற்கக்கூடிய இடமில்லை என்று உன்னைவிட எனக்குத் தெரியும்.

எனக்கு வலிப்பே வந்திருக்காவிட்டால் நீ இன்று எங்கே இருந்திருப்பாய்? எனக்குப் பதில் எழுத வேண்டாம். மதருக்கு எழுது.

சுனிதா


மடம்,
29 மே 2025

அக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் மூன்று நாள் ஊசியைத் தொடவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் உன்மேல். ஒவ்வொரு தையலுக்கும் நான் செபம் சொன்ன துணியைச் சுவிட்சாக வைத்துக்கொண்டாய். தெரிந்தே. அம்மா நடுரோட்டில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தெரிந்தே. இந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. போனதுபோல் எழுத மாட்டேன்.

சபை கூடுவதற்கு முன்நாள் மதரிடம் விண்ணப்பத்தைத் திரும்பக் கேட்டேன். மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அறைக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். இரண்டு பக்கம். உன் பெயர் ஆறு இடத்தில் இருந்தது. கடவுளின் பெயர் இரண்டு இடத்தில், இரண்டும் கடிதம் ஆரம்பிக்கவும் முடிக்கவும் எல்லாரும் எழுதுகிற வாக்கியத்தில். என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மதர் இதை ஏற்கெனவே படித்திருக்கிறார். அன்று ஏன் என் கையைப் பிடித்தார் என்று இப்போது புரிகிறது.

நீ பதில் வேண்டாம் என்றாய். இதை மதரிடம் சொல்லிவிட்டேன், உனக்கும் சொல்கிறேன்.

நேர்ச்சை உண்மைதான். அந்த வராந்தாவில் அப்படித்தான் கேட்டேன். ஆனால் அது பாதி. மீதிப் பாதி, நான் களைத்திருந்தேன். பதினொரு வயதிலிருந்து உன் பக்கத்தில் படுத்து உன் மூச்சைக் கேட்டுக்கொண்டே தூங்கினேன். அது கொஞ்சம் மாறினாலும் விழித்துவிடுவேன். அம்மா அப்பா எழுவதற்கு முன்பு உன்னைத் திருப்பிப் படுக்கவைத்திருப்பேன். என்னை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில் இந்த மடத்தில் முதல் ராத்திரி, தனி அறை, தனிக் கட்டில். மணியடித்து எழுப்பும்வரை ஒருமுறைகூட விழிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து அழுதேன். எல்லாரும் வீட்டு நினைவு என்று நினைத்தார்கள். அவ்வளவு நன்றாகத் தூங்கியதற்காக அழுதேன்.

அந்தத் தூக்கத்துக்குத்தான் ஒன்பது வருடமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எண்ணைக் கேட்டதும் அதற்குத்தான். அது பூச்சியமாகிவிட்டால் நான் உன்னை விட்டு ஓடிவந்தவள் இல்லை என்றாகிவிடும்.

ஓடித்தான் வந்தேன், அக்கா.

இன்னொரு வருடம் கேட்டிருக்கிறேன். கொடுத்துவிட்டார்கள். இருப்பேனா, வந்துவிடுவேனா, தெரியவில்லை. வந்தாலும் உன் பக்கத்தில் படுக்க வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லாதே. ஆகஸ்ட்டில் சடங்கு எதுவும் கிடையாது. ஆனாலும் வாருங்கள். கம்பிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஏதாவது பேசலாம். என்ன படிக்கிறாய் என்று கேட்கிறேன்.

ரீனா

பி.கு.: வருடம் கேட்டுவிட்டு வெளியே வந்தபோது மதியம் இரண்டு மணி. கொடியில் காய்ந்திருந்த விரிப்புகளை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். பிறகு அறைக்குப் போய்ப் படுத்து, மாலை மணிவரை தூங்கினேன்.